படுத்துப் பார்க்க வேண்டிய கல்லறைகள்: இங்கிலாந்தில் முதல்முறை தேடிப் போகிறவர்களுக்கு

இங்கே படிக்க வந்த முதல் வருஷம் சடலக் கல்லறை பார்ப்பதற்கென்றே ஐந்து முறை கிளம்பினேன். பார்க்க முடிந்தது இரண்டு முறைதான். ஒரு இடத்தில் வார விடுமுறை, ஒரு பேராலயத்தில் பட்டமளிப்பு விழா, இன்னொரு கிராமத்துத் தேவாலயத்தில் கல்யாணம். வாசலில் பூச்செண்டோடு நின்றவர்களைத் தாண்டி உள்ளே போக மனசு வராமல் மதில் ஓரமாக ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன். மாணவருக்கு அந்த டிக்கெட் காசு சின்னக் காசு இல்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சடலக் கல்லறை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 15ஆம் நூற்றாண்டில் பெரிய இடத்து மனிதர்கள் சிலர் தங்கள் கல்லறையில் இரண்டு சிலைகள் செய்து வைத்தார்கள். மேல்தட்டில் பட்டாடையோ கவசமோ அணிந்து, கைகூப்பிப் படுத்திருக்கும் முழு உருவம். கீழ்த்தட்டில் அதே ஆள், பிணமாக: விலா எலும்பு துருத்தி, வயிறு ஒட்டி, வாய் லேசாகத் திறந்து, போர்த்திய துணி விலகி. சில இடங்களில் மேல் சிலையே இருக்காது, சடலம் மட்டும் கிடக்கும். பார்ப்பவர் தன் சாவை நினைக்க வேண்டும், செத்தவருக்காக நின்று ஒரு ஜெபம் சொல்ல வேண்டும் என்பதற்காகச் செய்தது. வரலாறு இவ்வளவு போதும், வேலைக்கு வருவோம்.

1. எந்தக் கல்லறை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். ஒரு நாளுக்கு ஒன்று. என் வரிசை இதுதான்.

முதலில் கேன்டர்பரி. பேராயர் ஹென்றி சிச்சலி 1443இல் இறந்தார், ஆனால் கல்லறையை 1420களிலேயே கட்டி முடித்துவிட்டார். ஏறக்குறைய 20 வருஷம், அந்தப் பேராலயத்துக்கு வரும்போதெல்லாம் தன் பிணத்தைத் தானே பார்த்திருக்கிறார். விளிம்பில் ஓடும் லத்தீன் வரிகளின் பொருள் ஏறத்தாழ இது: ஏழையாய்ப் பிறந்தேன், தலைமைப் பேராயராய் உயர்ந்தேன், இப்போது வீழ்ந்து கிடக்கிறேன், புழுவுக்கு இரையாகத் தயாராய். வண்ணப்பூச்சு புதிதுபோல் இருப்பதைப் பார்த்து ஏமாற்றம் அடையாதீர்கள். 1438இல் அவர் நிறுவிய ஆக்ஸ்ஃபோர்டு ஆல் சோல்ஸ் கல்லூரிதான் இன்றுவரை இதைப் பராமரிக்கிறது. 15ஆம் நூற்றாண்டிலும் இந்த மாதிரிக் கல்லறைகள் பளிச்சென்ற நிறத்தில்தான் இருந்தன. மற்ற இடங்களில் வெறும் கல்லைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது, அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

அடுத்து வெல்ஸ் பேராலயம். ஆயர் தாமஸ் பெக்கிங்டன் 1452 ஜனவரியில் தன் கல்லறையைத் தானே புனிதப்படுத்தி, தன் ஆன்மாவுக்காகத் தானே திருப்பலி நடத்தினார். அதற்கப்புறம் 13 வருஷம் உயிரோடு இருந்தார். ட்யூக்ஸ்பரி மடாலயத் தேவாலயத்தில் இருப்பது வேறு வகை: அங்கே சடலத்தின் மேல் எலி, தவளை, நத்தை, நெளிகிற புழு என்று ஊர்ந்துகொண்டிருக்கும். கடைசி மடாதிபதி ஜான் வேக்மன் பெயரில் அதைச் சொல்கிறார்கள், ஆனால் அவர் புதைக்கப்பட்டது அங்கே இல்லை. அரண்டல் கோட்டைக்குள் இருக்கும் ஃபிட்ஸ்ஆலன் சிற்றாலயத்தில் பிரபு ஜான் ஃபிட்ஸ்ஆலன். 1435இல் பிரான்ஸில் போர்க்காயத்தில் ஒரு காலை இழந்து செத்தவர். 1857இல் தோண்டிப் பார்த்தபோது எலும்புக்கூட்டில் ஒரு கால் இல்லை.

பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் புனித மரியாள் தேவாலயத்தில் ஜான் பாரெட். இவர் பிரபுவும் இல்லை, ஆயரும் இல்லை, பணக்காரத் துணி வியாபாரி, 1467இல் இறந்தவர். என்னை நிதானமாகப் பார்ப்பவன் தன் கண்ணாடியையே பார்க்கிறான், சாகக் கற்றுக்கொள்கிறான் என்று பழைய ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். அதோடு விடவில்லை, தெற்கு நடையின் கூரையில் அவருக்கான பகுதியில் நிஜமாகவே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கிறது. கீழே சடலத்தைப் பார்த்துவிட்டு மேலே நிமிரும்வரை எனக்கு அந்த வரியின் அர்த்தம் முழுசாகப் புரியவில்லை.

யூவெல்ம் கிராமத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். காரணம் கீழே.

2. கிழமையும் நேரமும்: பணம் வீணாவது இங்கேதான்

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்தத் தேவாலயத்தின் நிகழ்ச்சி நாட்காட்டியைப் பாருங்கள். திறந்திருக்கும் நேரம் என்ற பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் என் கதிதான். நேரப் பக்கத்தில் எல்லா நாளும் 10 முதல் 4 வரை என்று இருக்கும். அன்றைக்கு நடக்கும் இறுதிச்சடங்கு, கச்சேரி ஒத்திகை எல்லாம் நாட்காட்டியில்தான் வரும், சில சமயம் அதிலும் வராது. சின்னத் தேவாலயம் என்றால் முந்தின நாள் ஒரு போன் போட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சொல்லப்போனால் யாரோ தேடி வருகிறார்களே என்று சந்தோஷப்படுகிறார்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: கிராமங்களில் சனிக்கிழமை, கல்யாணம் இருக்கும். ஞாயிறு காலை எங்கும் ஆராதனை. பேராலயங்களில் ஜூலை மாதப் பட்டமளிப்பு நாட்கள். புனித வாரமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமும். அரண்டல் கோட்டை குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், சீசனிலும் பெரும்பாலான திங்கட்கிழமைகளில் விடுமுறை. அங்கே சிற்றாலயத்துக்குப் போகக் கோட்டை டிக்கெட் வேண்டும். பக்கத்துப் புனித நிக்கோலஸ் தேவாலயமும் அதே கட்டடம்தான் என்பதால் அது வழியாக இலவசமாகப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், நடுவில் கம்பித் தடுப்பு இருக்கிறது.

டிசம்பரில் மாலை 4 மணிக்குள் இருட்டிவிடும். கீழ்த்தட்டுச் சடலம் பகலிலேயே நிழலில் கிடப்பது. நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, காலை 10 மணி முதல் 2 மணிக்குள் போங்கள்.

செப்டம்பரில் பாரம்பரியத் திறந்த நாட்கள் என்று சில நாட்கள் வரும். வழக்கமாகக் கட்டணம் உள்ள சில இடங்கள்கூட அப்போது இலவசம், வழக்கமாகப் பூட்டியிருக்கும் கதவுகளும் திறக்கும். கூட்டம் அதிகம் என்பதால் தரையில் உட்கார இடம் கிடைக்காது, அது ஒன்றுதான் குறை.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

இந்தியாவிலிருந்து இதற்காகவே வருகிறவர்கள் ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா எடுக்க வேண்டும். 6 மாத விசாவுக்கு 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக இருந்தது. கட்டணம் அடிக்கடி ஏறுகிறது, விண்ணப்பிக்கும் நாளில் அரசு தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு 3 மாதத்துக்கும் முன்னதாக விண்ணப்பிக்க முடியாது, கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக 3 வாரம். வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை இடத்து விடுப்புக் கடிதம், தங்கும் விவரம் வேண்டும். சொத்துப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் மாதிரி தமிழில் இருக்கும் எதை இணைத்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும், அதில் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழி, தேதி, முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஐந்தும் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது வங்கி அறிக்கையில்தான்: விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வையுங்கள்.

ஏற்கனவே இங்கே படிப்பவர்களுக்கு மாணவர் அட்டையும் ரயில்கார்டும். 16–25 ரயில்கார்டு 2025 மார்ச் முதல் வருஷத்துக்கு 35 பவுண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயது தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், முழுநேர மாணவராக இருந்தால் பெரியவர்களுக்கும் இதே அட்டை உண்டு, சேர்க்கைக்கு அத்தாட்சி காட்டினால் போதும். இது தெரியாமல் எட்டு மாதம் முழுக் காசு கொடுத்துப் போனேன்.

இன்னொரு தாள், நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாதது. டிக்கெட் மேசையில் கிஃப்ட் எய்ட் போடலாமா என்று கேட்பார்கள். ஆம் என்றால் நீங்கள் கட்டிய வருமான வரியிலிருந்து ஒரு பகுதி தேவாலயத்துக்குப் போகும். இங்கே வரி கட்டுகிறவர் என்றால் தாராளமாகப் போடுங்கள், அவர்களுக்கு உதவிதான். வரி கட்டாத மாணவர் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டால், வித்தியாசத்தைக் கட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். வரி கட்டவில்லை என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி இருக்காது.

4. செலவுக் கணக்கு

நுழைவுக் கட்டணம்: கேன்டர்பரியில் பெரியவர்களுக்கு 15 பவுண்டுக்கு மேல். வெல்ஸும் கட்டணம் வாங்குகிறது. ட்யூக்ஸ்பரி, பரி, யூவெல்ம் மூன்றும் இலவசம். இலவசம் என்றாலும் காணிக்கைப் பெட்டியில் 3, 5 பவுண்டு போடுங்கள். கூரை ஒழுகினால் ஊர்க்காரர்கள் காசு திரட்டித்தான் அடைக்கிறார்கள், அந்தக் கூரைக்குக் கீழேதான் நாம் பார்க்க வந்த சிலை இருக்கிறது.

மாலை ஆராதனைக்கு யாருக்கும் கட்டணம் கிடையாது. அதனால் கேன்டர்பரியில் 5:30 மணி ஆராதனைக்குப் போய், அப்படியே சிச்சலியைப் பார்த்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேலைக்கு ஆகாது. ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் வாசல் பக்கம் அனுப்பிவிடுவார்கள், கல்லறையை நன்றாகப் பார்க்க வேண்டிய வடக்கு நடைப்பக்கம் போக விடமாட்டார்கள். ஆராதனைக்குப் போவதானால் பாட்டுக்காகப் போங்கள், அந்தப் பாட்டு கேட்க வேண்டிய ஒன்று.

பயணம்: ரயிலில் முன்பதிவு மலிவு டிக்கெட் சுமார் 8 முதல் 12 வாரம் முன்னால் வெளியாகும். வாரநாள் காலை நெரிசல் நேரம் தாண்டிக் கிளம்பினால் இன்னும் குறையும். லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து கேன்டர்பரி வெஸ்ட் அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். வெல்ஸில் ரயில் நிலையமே கிடையாது, பாத் அல்லது பிரிஸ்டலில் இறங்கி பஸ். பெரும்பாலான பஸ்களில் 2025 ஜனவரி முதல் ஒரு வழிக்கு அதிகபட்சம் 3 பவுண்டு என்பதால் நீளமான பஸ் பயணம்கூடக் கட்டுப்படியாகும். ட்யூக்ஸ்பரிக்கு இறங்க வேண்டிய நிலையம் ஆஷ்சர்ச், அங்கிருந்து ஊர் 2 மைலுக்கு மேல். பஸ் நேரம் பார்க்காமல் போனால் நடைதான்.

5. பையில் என்ன வைப்பது

சின்ன டார்ச், முழங்காலுக்கு ஒரு மடிப்பு மெத்தை, பரி கூரைக்கு ஒரு பைனாகுலர், துடைக்கிற துணி இல்லாத கை. கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன்: தூசி இருக்கிறதே என்று எதையும் துடைக்காதீர்கள், பழைய வண்ணம் துணியோடு வந்துவிடும். பெஞ்சுகளில் இருக்கும் மண்டியிடும் மெத்தைகளை எடுத்துத் தரையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஊர்ப் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பூத்தையல் போட்டவை அவை.

6. பார்க்கும் முறை

வருகிறவர்கள் பெரும்பாலும் நின்றபடி மேல் சிலையைப் படம் பிடித்துவிட்டு நகர்கிறார்கள். நீங்கள் உட்காருங்கள். சடலம் உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில், கிட்டத்தட்டத் தரையோடு சாய்த்துப் பிடியுங்கள். வெளிச்சம் கல்லை உரசிக்கொண்டு போகும்போதுதான் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கியிருப்பதும், கழுத்து நரம்பும், கால் நகமும் எழும்பி வரும். ட்யூக்ஸ்பரியில் முதல் தடவை எலி மட்டும்தான் என் கண்ணில் பட்டது. மற்ற உயிர்கள் எல்லாம் இந்த வெளிச்சத்தில்தான் ஒவ்வொன்றாக வந்தன.

அப்புறம் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். முகம் ஒன்றுதானா? கை எங்கே இருக்கிறது? மேலே கூப்பிய கை, கீழே பெரும்பாலும் துணியைப் பிடித்து மானத்தை மறைக்கும். குறைந்தது 40 நிமிஷம் ஒதுக்குங்கள்.

7. படம் எடுக்கவும் வெளியிடவும் அனுமதி

கைபேசியில் உங்களுக்காக எடுப்பதை அநேகமாக எங்கும் தடுப்பதில்லை, ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். முக்காலி வேறு விஷயம், அதற்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். புத்தகத்திலோ இதழிலோ படம் வர வேண்டும் என்றால் இன்னொரு அனுமதி, அதற்குக் கட்டணமும் கேட்கலாம். கடிதத்தில் எந்தக் கல்லறை, எந்த நாள், எத்தனை மணி, என்ன கருவி, படம் எங்கே வரும், எத்தனை பிரதி என்று எழுதிவிடுங்கள். நான் முதலில் அனுப்பிய கடிதத்தில் இவை எதுவும் இல்லாமல் ஆசையை மட்டும் அரைப்பக்கம் எழுதியிருந்தேன், பதிலே வரவில்லை. விவரத்தோடு அனுப்பியதற்கு ஒன்பதாம் நாள் வந்தது. 3 வாரம் முன்னால் அனுப்புவது பத்திரம்.

8. பித்தளைத் தகட்டைத் தேய்த்துப் படியெடுக்க

சிலை செய்ய வசதி இல்லாதவர்கள் தரையில் பித்தளைத் தகடு பதித்தார்கள். பிரேதத்துணி சுற்றிய உருவங்கள் அவற்றில் நிறைய. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆடிங்டன் என்ற சிற்றூரில் ரால்ஃப் ஹாம்ஸ்டர்லி என்ற பாதிரியாரின் தகடு இருக்கிறது, எலும்புக்கூட்டைப் புழுக்கள் தின்றுகொண்டிருக்கும். அவர் 1518இல் இறந்தவர்.

தேய்ப்பதற்கு அந்தத் தேவாலயப் பாதிரியாரின் அனுமதி கட்டாயம், தகட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருக்கும். இப்போது பல இடங்களில் தேய்மானம் காரணமாக மறுத்துவிடுகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அனுமதி கிடைத்தால் கறுப்பு மெழுகுக் கட்டியும் நீளமான தாள் சுருளும் எடுத்துப் போங்கள். தாளை விரிக்கும் முன் மென்மையான தூரிகையால் மணலைத் தட்டிவிட வேண்டும், ஒரு மணல் துகள் இருந்தாலும் தகட்டில் கீறல் விழும். தகடு பெரும்பாலும் கம்பளத்துக்கு அடியில் இருக்கும். கம்பளத்தை நீங்களாகப் புரட்டாதீர்கள், சாவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டுப் புரட்டச் சொல்லுங்கள்.

9. யூவெல்ம்

பெயரை யூவெல்ம் என்று சொல்லுங்கள். எழுத்துக்கூட்டி எவெல்மே என்று நான் சொன்னது டாக்ஸிக்காரருக்குப் புரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தோ ரெடிங்கிலிருந்தோ வாலிங்ஃபோர்டு வரை பஸ், அங்கிருந்து சுமார் 3 மைல். திரும்பி வரும் வண்டியை இறங்கும்போதே பேசி வையுங்கள், கிராமத்தில் சிக்னல் சரியாக இல்லை.

புனித மரியாள் தேவாலயத்தில் இருப்பவர் ஆலிஸ், சஃபக் சீமாட்டி, கவிஞர் சாசரின் பேத்தி. 1475இல் இறந்தவர். மேலே அலபாஸ்டர் என்ற மென்மையான வெண்கல்லில் செய்த உருவம், தலையணையைத் தேவதூதர்கள் தாங்குகிறார்கள், இடது முன்கையில் கார்ட்டர் என்ற அரச கௌரவத்தின் அடையாளப் பட்டை. நடுவில் பேழை. அதற்கும் கீழே, தரைக்குச் சற்றே மேலே, கல்வலைக்குள் அவரே கிழவியாக, எலும்பும் தோலுமாக, முடி விரிந்து கிடக்கிறார்.

இங்கே உட்கார்ந்தால் போதாது, படுக்க வேண்டும். கோட்டைக் கழற்றித் தரையில் விரித்து, வலையோடு கன்னத்தை ஒட்டாமல் மல்லாந்து, டார்ச்சை உள்ளே நீட்டாமல் வெளியிலிருந்தே மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். சடலத்துக்கு மேலே, பேழையின் அடிப்பக்கத்தில், ஓவியம் இருக்கிறது: வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி, அப்புறம் மகதலா மரியாளும் திருமுழுக்கு யோவானும். நின்று பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. திறந்த கண்ணோடு கீழே கிடக்கும் அந்தக் கல் முகத்துக்கு மட்டும் நேராகத் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள்.

படுப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் படுத்தேன், பூ அடுக்க வந்த பாட்டி ஒருவர் நான் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் எந்தப் பக்கம் தலை வைத்தால் யோவான் நன்றாகத் தெரிவார் என்று அவரே இடம் காட்டினார். இடம் விட்டு நகரும்போது டார்ச், கண்ணாடி, ரயில்கார்டு எல்லாம் பையில் இருக்கிறதா பாருங்கள். படுக்கும்போது சட்டைப்பையிலிருந்து நழுவிய என் ரயில்கார்டு தபாலில் வந்து சேர 4 நாள் ஆயிற்று, அதையும் அந்தப் பாட்டிதான் அனுப்பினார்.